எதிராளி கொடுத்த நாலு நாகங்கள்

போன வருஷம், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். கீழே யாருக்கோ வளைகாப்பு, மாடியில் எங்களுக்கு கார்டு போட்டி!

கார்டு என்றதும் ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவியே இன்னமும் "சீட்டாடப் போற மூஞ்சியப் பாரு" என்று சொல்லித்தான் வழியனுப்புவாள். இது டிரேடிங் கார்டு விளையாட்டு. பூதம், நாகம், வீரன் என்று படம் போட்ட கார்டுகளை பாக்கெட்டாக வாங்கி, நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வந்து மோத வேண்டும். பணம் வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் முடிந்தால் கையில் இந்தக் கட்டுதான் இருக்கும்.

இந்தப் போட்டிகள் எப்போதும் நுங்கம்பாக்கம், வேளச்சேரி பக்கம்தான் நடக்கும். முதல் தடவையாக எங்கள் ஏரியாவுக்கு வந்திருந்தது. ஜெயிக்கிறவர் பெங்களூரில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். நானோ ஒவ்வொரு வருஷமும் காலிறுதியோடு மூட்டை கட்டுகிற ஆள். அன்றைக்கு என்ன நேரமோ, தொட்டதெல்லாம் துலங்கியது. காலிறுதி தாண்டினேன். அரையிறுதியும் தாண்டினேன். ஃபைனல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்ரூமுக்குப் போய் கண்ணாடியைப் பார்த்து நானே சிரித்துவிட்டு வந்தேன்.

எதிராளி எம்.கே.பி. நகரிலிருந்து வந்திருந்த ஒரு காலேஜ் பெண். அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மசாலா கடலையைக் கொறித்துக்கொண்டு, காலை ஆட்டியபடி ஹாயாக உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் எங்கள் இருவர் கட்டையும் வாங்கிச் சரிபார்த்தார். என் கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தவர், நிமிரவே இல்லை.

விஷயம் இதுதான். என் கட்டின் உயிரே நாலு நாகக் கார்டுகள். அதே கார்டு சாதாவாகவும் வரும், ஜிகினா ஒட்டியது போல மினுமினுப்பாகவும் வரும். சக்தி ஒன்றுதான், பந்தா மட்டும் கூட. நான் என்னிடமிருந்த சாதா நாகங்களையெல்லாம் கொடுத்து மினுமினுப்பாக மாற்றி வைத்திருந்தேன். மினுமினுப்புக் கார்டுக்கு ஈரக் காற்று ஆகாது, வளைந்துவிடும். அன்று மதியமே மண்டபத்து ஏசி படுத்துவிட, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். கடல் காற்று தாராளமாக வீசியதில், என் கட்டு நாலு இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சார், நாகம் எங்க இருக்குன்னு பாக்காமலே எடுக்கலாம். இது அடையாளம் வச்ச கார்டு கணக்குல வரும். நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியுது. ஆனா சாதா கார்டு மாத்தலன்னா ஃபைனல் அவங்களுக்குத்தான்" என்றார் நடுவர்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. "யார்கிட்டயாவது நாகம் இருக்கா?" என்று மண்டபம் முழுக்கக் கத்தினேன். ஒருவரிடமும் இல்லை. ஸ்டாலில் இருந்த பாக்கெட்டுகளை வாங்கிக் கிழித்துக் கிழித்துப் பார்த்தேன். பூதம் பூதமாக வந்ததே தவிர நாகத்தைக் காணோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தக் கதையாக நான் கடல் காற்றைத் திட்டிக்கொண்டு நின்றேன். பெங்களூர் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போகிறது என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்தாள்.

"இன்னாண்ணா, கொலை பண்ணவன் மாதிரி நிக்கிற? நாலு நாகந்தான? எங்கிட்ட கீது."

எனக்குப் புரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே அவளுக்கு வெற்றி. எதற்காக என்று கேட்டேன்.

"உன்ன மாதிரி நாகம் வச்சிகினு வர்றவங்கள அடிக்கத்தான், என் தோஸ்து கையில இத குடுத்து மாசக்கணக்கா ஆடிப் பாத்துகினு இருந்தேன். நீ ஆடாமயே தோத்துட்டா நான் வூட்டுக்குப் போயி இன்னான்னு சொல்றது?" என்றபடி நாலு நாகங்களையும் ஆல்பத்திலிருந்து உருவி என் கையில் வைத்தாள்.

மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். இரண்டாவதைத் தட்டுத்தடுமாறி நான் பிடித்தேன். மூன்றாவதில் மூச்சு விடக்கூட நேரமில்லை. கூட்டம் எங்கள் மேசை மேலேயே விழுந்துவிடும் போலிருந்தது. என் உயிர்ப் புள்ளிகள் ஏறக்குறைய காலி. அவள் இன்னும் ஒரு தடவை தாக்கினால் நான் அவுட். கடைசியாக ஒரு கார்டு எடுத்தேன்.

நாகம்! அவள் கொடுத்த நாகம்!

போட்டால் ஜெயித்துவிடுவேன். ஆனால் கை வரவில்லை. அவள் கார்டாலேயே அவள் பெங்களூர் கனவை உடைப்பதா?

"நாகந்தான வந்துச்சு? மூஞ்சியே சொல்லுதே. போடுண்ணா! பாவம் பாத்து வுட்டுக்குடுத்தின்னா எனக்கு செம்ம காண்டாயிடும், ஆமா!"

போட்டேன். மண்டபமே அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். வளைகாப்புக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார்கள். அந்த அமளியிலும் நான் அவளைத்தான் பார்த்தேன். "சே, என் கார்டே என்ன கவுத்துடுச்சே" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள். உடனே குனிந்து பையில் எதையோ தேடினாள். கண் கலங்கியதை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் பெங்களூர் போக எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நாலு நாகங்களையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினேன். வாங்காமல் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"பெங்களூர்ல இன்னாத்த வச்சி ஆடுவ? அந்த அப்பளத்த வச்சியா? எடுத்துகினு போண்ணா. ஆடிட்டு வந்து குடு."

பெயர் தெரிந்து ஒரு நாள்கூட ஆகாத என்னை நம்பிக் கொடுத்துவிட்டு, அவள் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பெங்களூரில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றேன். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கார்டுகளைக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்தேன். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவனின் கையை நிரப்பிவிட்டு "இப்ப வா, ஆடலாம்" என்று கூப்பிடுகிற அந்தத் துணிச்சல் எனக்கு இருக்கிறதா என்று, ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.