கிணற்றுக்குப் பனி உண்டோ?

கிணற்றுக்குள் தெர்மாமீட்டர் இறக்குகிற தொழிலில் கிணறு ஒருநாளும் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. தொந்தரவெல்லாம் கரையில் நிற்கிறவர்களால்தான். வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்க்கிறவர்களே, கணக்கெடுக்கிறவர்களே, கொசு மருந்து அடிக்கிறவர்களே, நீங்களெல்லாம் என் கூட்டம். உங்களுக்குச் சொன்னால் புரியும். நாய்க்கும் பயப்பட வேண்டும், நாயை வளர்க்கிறவருக்கும் பயப்பட வேண்டும்.

என் வேலை இதுதான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ஹீட் பம்ப் என்று ஒரு யந்திரம் செய்கிறது. சாதாரண ஏசி வீட்டுச் சூட்டை வெளியே வெயிலில் கொண்டுபோய்க் கொட்டும். இது கிணற்றுத் தண்ணீரில் கொட்டும். மேலே எவ்வளவு கொளுத்தினாலும் அடியில் கிடக்கிற தண்ணீரின் சூடு பெரிதாக மாறாது. அதனால் கரண்டு குறைவாகத்தான் பிடிக்கும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் நல்ல கிணறு ஒன்றைப் பார்த்து, அந்த வீட்டில் யந்திரத்தை இலவசமாக வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு யந்திரம். அந்த ஒன்றுதான் என் நிம்மதியைக் கெடுத்தது.

டாக்டர் வந்திருக்காரு

முதல் கதைக்கு முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே தமிழ்நாட்டுக்குள் போனால் பனி என்றால் குளிர். எங்கள் எல்லையில் பேச்சில் பாதி மலையாளம். இங்கே பனி என்றால் காய்ச்சல்; குளிருக்குத் தணுப்பு என்போம். இதை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்தச் சொல்லில்தான் நான் தலைகுப்புற விழுந்தேன்.

தனுவச்சபுரம் பக்கம், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் வீடு. ஒயரைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, நம்பர் நிலைக்கட்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். பஞ்சாயத்தா, தண்ணீர் ஆபீசா என்று கேட்டார். இரண்டும் இல்லை, சூடு பார்க்கிறேன் என்றேன். கிணற்றை எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கிணற்றைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "டாக்டரே, எங்க கெணத்துக்குப் பனி உண்டோ?"

கடல் பக்கத்துக் கிணறு

பொழியூரில் ஒரு சேச்சி வீட்டுக் கிணறு. வீட்டுக்காரர் படகில் போயிருந்தார். முற்றத்தில் நின்றால் அலை உடைகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். வாளித் தண்ணீரை நாக்கில் வைத்தேன், உப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் யந்திரத்தின் குழாய் அரித்துப் போகும், இந்தக் கிணறு சரிப்படாது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினேன்.

சேச்சி தேங்காய் துருவிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மழையில் முன்னால் இருந்த இரண்டு வீடுகளைக் கடல் கொண்டுபோனதையும், அடுத்த வரிசை இவர்களுடையது என்பதையும், மீன் விலை சொல்வது மாதிரி சொன்னார். கடைசியில் துருவலை நிறுத்திவிட்டு, "சாரே, யந்திரம் வச்சா கடலு அதையும் சேத்துக் கொண்டு போவும். அதுக்கு என்னத்துக்குத் தணுப்பு, அது தணுத்துத்தானே கெடக்கு?" என்றார்.

வலை போட்ட கிணறு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

உதியன்குளங்கரைக்கு உள்ளே ஒரு வீடு. கிணற்றின் மேல் இரும்பு வலை, வலைக்குப் பூட்டு. வீட்டுக்காரர் சாவியைத் தேடி எடுத்து வந்தார். பூட்டு துரு ஏறிக் கிடந்தது; எண்ணெய் விட்டுத்தான் திறந்தார். ஏன் பூட்டு என்று நான் கேட்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. ஒயர் இறங்கி முடிகிற வரைக்கும் அவர் வேறு பக்கம் திரும்பி நின்றார். நான் நம்பரை எழுதிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "அடியில ரொம்பத் தணுப்பா சாரே? எங்க அண்ணனுக்குத் தணுப்பு ஆவாது."

வேர்க்காத பிள்ளை

பனச்சமூட்டில் தையல் கடை வைத்திருக்கிற ஞானதாஸ் வீட்டுக்குப் போனது போன வருஷம் கும்ப மாசம், உங்கள் கணக்கில் மாசி. கேட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார். மகள் ஜெபாவுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வர முடியுமா என்றார். வெயில் காலத்துக் காய்ச்சலா என்று கேட்டேன். இது வேறு என்றார். அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே வேர்ப்பது கிடையாது. நமக்கெல்லாம் வேர்த்து வடிந்து உடம்பு ஆறும். அவளுக்குச் சூடு உள்ளேயே நிற்கும். கும்பம், மீனம், மேடம் என்று வெயில் கொளுத்துகிற மூன்று மாசமும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடப்பாள். இரண்டு தடவை பிரக்ஞை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருக்கிறார்கள். ஏசி வாங்கி மாட்டினார்கள். அந்த லைனில் உச்சி வெயிலுக்கு வோல்டேஜ் விழுந்துவிடும். ஃபேனே முக்கி முனகித்தான் சுற்றும், ஏசி எங்கே ஓடும்?

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே நோட்டில் எழுதினேன்: 'ஞானதாஸ். பனி. பிறகு.' எங்கள் ஊர்க் கணக்கில் எழுதினேன், காய்ச்சல் என்று. அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பத்தொன்பது வயசு, காலேஜுக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதுகிற பிள்ளை. "அங்கிள், கெணத்த அளக்கதுக்கு முன்ன என்னைய அளங்க. இந்த வீட்டுல சூடு கூடின ஆளு நானாக்கும்!"

கோயம்புத்தூர் போன்

வாரத்துக்கு ஒருமுறை நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து கம்பெனிக்கு அனுப்புவேன். அங்கே டைப் அடித்துக்கொள்வார்கள். பத்து நாள் கழித்து இன்ஜினீயர் தம்பி கூப்பிட்டார். நல்ல பையன், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. யந்திரம் வைக்கிற இடம் முடிவாகிவிட்டது, ஞானதாஸ் வீடு, அவருக்கு நேற்றே போன் பண்ணிச் சொல்லியாச்சு, அவர் போனிலேயே அழுதுவிட்டார் என்றார்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்தக் கிணற்றில் நான் ஒயரே இறக்கவில்லை. யார் தம்பி அது நல்ல கிணறு என்று சொன்னது, எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்கதானுங்ணா எழுதிருக்கீங்க. நம்பரே போடாம பனின்னு மட்டும் போட்டிருந்தீங்களா, மீட்டருக்கே எட்டாத குளிர் போலன்னு நாங்க எல்லாரும் கை தட்டிட்டோமுங்க!"

அரை மணி நேரம்

போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை கிணறு நிஜமாகவே நன்றாக இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்று மறுநாளே ஓடினேன். ஞானதாஸ் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தார். குழாய் வருவதற்குச் சுவரில் ஓட்டை போட்டு முடித்திருந்தார். ஜெபாவின் கட்டிலை அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார். ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது.

ஒயரை இறக்கினேன். இருபத்தேழரை. இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஏறக்குறைய அதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சூடு மட்டும் சரியாக இருந்தால் போதாது, தண்ணீரும் நிற்க வேண்டும். மோட்டாரைப் போடச் சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, குழாய் காற்றை இழுத்துக் கொறகொறவென்று சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தால் அடிச்சேறு. ஊறி வர சாயங்காலம் ஆகும். இத்தனூண்டு தண்ணீரில் சூட்டைக் கொட்டினால் தண்ணீர்தான் கொதிக்கும், வீடு ஆறாது. அதை ஞானதாஸிடம் சொன்னேன். பனி என்று நான் எழுதியதையும் அவர்கள் படித்ததையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரே, எழுதின எழுத்து எழுதினபடியே கெடக்கட்டும். இன்னும் ஒருக்கா பனின்னே எழுதிப் போடுங்க."

நல்ல கிணறு

நான் அப்படி எழுதவில்லை. நம்பரையும், மோட்டார் காற்றிழுத்த நேரத்தையும் எழுதினேன். வைத்திருந்தால் மீனம் பிறந்த முதல் வாரமே யந்திரம் நின்றிருக்கும். இது சத்தியம். இந்தச் சத்தியத்தை நான் இன்றைக்கு வரைக்கும் எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

யந்திரம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் போனது. கோடையிலும் கழுத்தளவு தண்ணீர் நிற்கிற கிணறு. வீட்டுக்காரர்கள் வளைகுடாவில், சாவி காவல்காரர் மணியனிடம். காலையில் வந்து சுவிட்சைப் போடுவார், சாயங்காலம் நிறுத்துவார், நடுவில் நான் போய் அளவெடுப்பேன். யந்திரம் அருமையாக ஓடுகிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள ஆரும் இல்ல சாரே. சோபா நல்ல சுகமா இருக்கு," என்றார் மணியன்.

மீன மாசம்

அதன் பிறகு ஒரு வருஷம் ஞானதாஸ் வீட்டு வழியாகவே நான் போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன. இந்த மீனத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றை அளக்க வேண்டியதாகிவிட்டது. உச்சி வெயில். ஞானதாஸ் தன் கிணற்றுக் கரையில் குனிந்து நின்று, வாளிக்குள் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், கிணற்றுக்குள், மெழுகுவத்தி! வலை போட்ட கிணறு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு, "என்ன காரியம் செய்யுதீரு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் வாயில் விரலை வைத்து, "ஒச்ச வைக்காதீங்க சாரே, அவ படிச்சிட்டு இருக்கா," என்றார்.

எட்டிப் பார்த்தேன். இருபதடிக் கிணறு, புதிதாக வெல்டு வைத்த இரும்பு ஏணி. அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஜெபா, தலையில் ஈரத்துண்டு, மடியில் புத்தகம். காலை பதினொன்றுக்கு இறங்கினால் நாலு மணிக்கு ஏறுவாளாம். உள்ளே காற்று நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் மெழுகுவத்தி. அரை மணிக்கு ஒருமுறை இறக்குவாராம். யந்திரத்துக்குத் தண்ணீர் போதாது என்று நான் தள்ளிய கிணற்றில், தண்ணீர் இல்லாததால்தான் அவளால் உட்கார முடிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்வதற்குள் கீழேயிருந்து, "அங்கிளா அது? மீட்டரு உண்டா? எறக்குங்க," என்றாள். இறக்கினேன். நுனியைப் பிடித்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள். இருபத்தேழரை, போன வருஷம் காட்டிய அதே நம்பர். மேலிருந்து சொன்னேன். கிணறு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். "அப்பம் கம்பெனிக்கு எழுதிப் போடுங்க அங்கிள். யந்திரம் வேண்டாம், ஆள் எறங்கியாச்சு!"

சுற்றுவட்டாரம் முழுக்கக் கிணறுகளுக்கு நம்பர் எழுதிக் கொடுத்த நான் அந்த ஒரு கிணற்றுக்கு நேராக மட்டும் இப்போது நோட்டில் நம்பரை அடித்துவிட்டுப் 'பனி' என்று எழுதி வைத்திருக்கிறேன், எந்த ஊர் அர்த்தத்தில் என்று என்னைக் கேட்காதீர்கள்.