மோட்டார் சைக்கிள் என்னும் திருமணத் தடை

மோட்டார் சைக்கிள் ஓடாதவர்களுக்குத்தான் மோட்டார் சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும். எழுபதுகளின் கடைசியில், மன்னாரில் ஒரு பழைய ஹொண்டாவை வாங்கிக்கொண்டு வந்த அன்றே இதைக் கண்டுகொண்டேன். வண்டியை வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், எவ்வளவுக்கு வாங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. "உதில விழுந்தால் முதலில தலைதான் போகும்" என்றார். அவர் வாழ்நாளில் சைக்கிள்கூட மிதித்ததில்லை.

வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது என் தொழில். காலையில் ஓலைத்தொடுவாயில் ஒரு எஞ்சின் இருமும். மத்தியானம் முள்ளிக்குளத்தில் இன்னொன்று மூச்சே விடாது. பஸ்ஸை நம்பியிருந்தால் எஞ்சினுக்கு முன்னால் எனக்குத் துருப் பிடித்திருக்கும். ஆகவே எஞ்சின் கழற்றுகிற சாவிகளை ஒரு சாக்கில் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு மணலிலும் தாரிலும் திரிந்தேன். போகிற கரையெல்லாம் புத்திமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், சொன்னவர்கள் எல்லாரும் கடல் தொழிலாளர்கள். காற்று எழும்பிய கடலில் ஈரப் பலகைக்கு மேல் நின்று வலை இழுக்கிறவர்கள், கரையேறியதும் என் இரண்டு சில்லைப் பார்த்து நடுங்கினார்கள்.

முதல் வருடம் வாதாடினேன். கடலில் உயிர் விட்டவர்கள் எத்தனை பேர், ரோட்டில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிறகு வெட்கமாக இருந்தது. இரண்டாம் வருடம் ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்று தலையை ஆட்டினேன். அவர்கள் சொல்வது பாதிதான் கேட்கும், நான் எல்லாவற்றுக்கும் ஓம் போடுவேன். மூன்றாம் வருடம் எங்கள் சாதியின் கடைசி ஆயுதத்துக்கு வந்து சேர்ந்தேன். பொய். மோட்டார் சைக்கிள்காரர்களாகிய நாங்கள் எங்களுக்குள் சந்தித்தால் சாரத்தைத் தூக்கி முழங்காலைக் காட்டிப் பெருமையடிப்போம். ஓடாதவர்கள் முன்னால் நாங்கள் விழுவதே இல்லை. என் நண்பர் ஒருவர், பேசாலைப் பக்கம் மீன் பெட்டி கட்டி ஓடுகிற வியாபாரி, ஒரு பெட்டி சூடை மீனையும் ரோட்டில் கொட்டிவிட்டு, கிணற்றடியில் வழுக்கியதாக மனைவியிடம் சொன்னவர். கிணற்றடியில் எப்படி மேலெல்லாம் மீன் செதிள் ஒட்டியது என்று அந்த அம்மா கேட்டாராம்.

இப்படி இருக்கையில் எனக்குக் கலியாணம் பொருந்தியது. பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பனின் அக்காதான் வளர்த்தவர், அவரை நானும் மாமி என்றே கூப்பிட்டேன். எனக்குப் பெண்ணை மிகவும் பிடித்துப்போயிற்று, அதை மறைக்கிற வெட்கம் இந்த வயதில் எனக்கில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் மணமுடிக்கப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சுவாமியிடம் அறிவிக்கவேண்டும் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. தடை அறிவிக்க ஒருவரும் போவதில்லை, நான் அறிந்து ஒருவரும் போனதும் இல்லை.

திங்கட்கிழமை காலை மாமி போனார்.

நடந்ததைப் பிறகு சுவாமியே எனக்குச் சொன்னார். தடை என்றதும் அவர் திடுக்கிட்டுப் பேரேட்டைத் திறந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு வேறு பெண்சாதி இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை. இரத்த உறவா? இல்லை. ஞானஸ்நானம் பெறாதவனா? அதுவும் இல்லை.

"அவர் மோட்டச் சைக்கிள் ஓடுறார், சுவாமி."

"அது தடையில்லை, அம்மா."

"எங்கட பிள்ளையை இளவயதில விதவையாக்கிறது தடையில்லையோ? எழுதுங்கோ."

சுவாமி எழுதவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் அந்த நேரம் விறாந்தைக்கு முன்னால்தான் நின்றது. அதைக் கண்டுதானோ என்னவோ, மாமி போகும்போது, "உங்களுக்குப் பெண்சாதி இல்லை, நீங்கள் ஓடலாம்" என்று ஒரு சலுகையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

புதன்கிழமை சுவாமி மாமியையும் என்னையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். மாமி என்னை நேரே பார்த்தார்.

"தம்பி, ஒண்டே ஒண்டு கேக்கிறன். நீர் இதுவரைக்கும் எத்தினை தரம் விழுந்தனீர்?"

"ஒருதரமும் இல்லை, மாமி. நான் கவனமாத்தான் ஓடுறனான்."

சுவாமி முகட்டைப் பார்த்தார். திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்புகிற ரோட்டில், எருமை ஒன்றுக்கு வழிவிட்டு வாய்க்காலுக்குள் கிடந்த என்னைத் தூக்கி விட்டவர் அவர்தான். மாமி எழும்பிப் போனார். கேள்வியை வென்றுவிட்டதாக நினைத்தேன்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் பெண்ணின் தகப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா ஓம் எண்டாமல் மூண்டாம் ஓலை வேண்டாம். சுவாமிட்டையும் சொல்லிப்போட்டன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியை விற்றால் சோறு இல்லை, வைத்திருந்தால் பெண் இல்லை. கடலுக்குப் போகிறவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுக்கிற ஊரில் எனக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை என்று, கோயில் வாசலில் நின்ற பெண்ணிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மாமா எப்பிடிப் போனவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள்.

மாமியின் புருஷன் கடலில் இறந்தவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"மாமி ஒவ்வொரு நாளும் கேப்பாவாம், கடல் எப்பிடி எண்டு. ஒண்டும் இல்லை, நல்லாக் கிடக்கு எண்டு சொல்லுவாராம். அதுக்கு முதல் இரண்டு தரம் வள்ளம் கவிழ்ந்து நீந்தி வந்தவர். அதை வீட்டில சொல்லேல்லை. ஆளைக் காணேல்லை எண்டு சொல்ல வந்த ஆக்கள்தான் அதையும் சேர்த்துச் சொன்னவை."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் நான் நகைச்சுவை என்று நினைத்திருந்த பொய் அந்த வீட்டில் வேறு ஒன்றாக இருந்திருக்கிறது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாளே மாமி வீட்டுக்குப் போனேன். துணைக்கு வருவதாகச் சுவாமியும் தன் வண்டியில் பின்னால் வந்தார். மாமி முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினேன்.

வாங்கிய கிழமையே மணலில் சறுக்கியது ஒன்று. சந்தைக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் படுத்திருந்த கழுதைக்கு விலத்தி மதிலில் இடித்தது இரண்டு. மீன் லொறி சிந்திய தண்ணீரில் வழுக்கியது மூன்று, அதில் பெருவிரல் நகம் போனது. வாய்க்கால் நான்கு.

"வாய்க்காலுக்கு நான் சாட்சி" என்றார் சுவாமி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனம் இளகி, கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி ரோட்டில் பக்கக் காற்று தள்ளித் தான் இரண்டு தரம் விழுந்ததையும் சொல்லிவிட்டார்.

"நீங்களுமோ, சுவாமி?" என்றார் மாமி. சுவாமி பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த பிள்ளைபோலத் தலையைக் குனிந்தார்.

"நாலுதானோ?" என்று மாமி என் பக்கம் திரும்பினார்.

"நாலுதான்."

"அஞ்சு. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, உந்த ஒழுங்கைக்குள்ள, நிப்பாட்டின மோட்டச் சைக்கிளோட விழுந்தனீர். நான் வேலிக்குள்ளால பாத்தனான். மண்ணைத் தட்டிப்போட்டு உள்ள வந்து, முழங்கையில என்ன எண்டு கேக்க, முள்ளுக்கம்பி கிழிச்சது எண்டனீர்."

சுவாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்த விழுகையை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. வண்டி ஓடாமல் நின்றபோது விழுவதை எங்கள் சாதியில் விழுவதாகச் சொல்வதில்லை.

மாமி ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டார். "மோட்டச் சைக்கிளை வில்லும் எண்டு நான் சொல்லேல்லை. இனி விழுந்தால் வந்து சொல்லவேணும். நீர்தான் வரவேணும், ஆள் அனுப்பக்கூடாது" என்றார். ஓம் என்றேன். அந்த முறை ஹெல்மெற் என் கையில் இருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். கலியாணமும் நடந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, முள்ளிக்குளத்திலிருந்து திரும்பும்போது முன் ரயர் வெடித்து விழுந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் தோல் உரிந்தது, காற்சட்டை முழங்காலில் கிழிந்தது. ரோட்டோரம் இருந்து, நல்ல பொய்யாக நாலைந்து யோசித்தேன். பழக்கம் அப்படி. பிறகு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குப் போகாமல் நேரே மாமி வீட்டுக்குப் போனேன்.

"மாமி, விழுந்துபோனன்" என்றேன்.

மாமி திட்டவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணைக் கழுவினார். எந்த இடம், எந்தப் பக்கமாக விழுந்தேன், ரயர் எப்போது மாற்றியது என்று எல்லாம் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். துணி கட்டி முடிந்த பிறகும் என் கையை விடவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது.

"விழுந்த ஆள் தானே வந்து சொல்லி நான் கேக்கிறது இதுதான் முதல்தரம்" என்றார்.