சீப்பு பெயரில் போன வேலை

என் தங்கை வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திக்குவாய் என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்டவள், பள்ளி முடிக்கும்போது கணக்கில் முதலிடம். நேர்காணலில் வாய் திறந்ததும் சிரித்த கல்லூரியிலேயே இடம். "இந்தப் பொண்ணு போன்ல பேசினா கஸ்டமர் ஓடிருவான்" என்று கம்பெனி கம்பெனியாகத் திருப்பி அனுப்பிய பிறகு, ஒரு கம்பெனியில் வேலை. அதுவும் ஆறு மாதம் பார்ப்பார்கள். அவள் செய்த வேலை பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. இதில் என் பங்கு அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டது மட்டும்.

அந்தக் கம்பெனி ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. எந்த ரத்தப் பையை முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று திரையில் பட்டியல் வரும் அல்லவா, அது என் தங்கையின் குழு பார்ப்பது. குழுத் தலைவனுக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் சீப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அதன் பற்களுக்கு நடுவே கறுப்பாக எண்ணெய் அழுக்கு. யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்தபடி தலை வாருவான். பொடுகு கீபோர்டில் விழும். தங்கை டிராயரில் ஒரு பெயின்ட் பிரஷ் வைத்திருந்தாள், தட்டுவதற்கு. யார் தண்ணீர் பாட்டிலானாலும் எடுத்து வாய் வைத்துக் குடிப்பான். இவையெல்லாம்கூடப் போகட்டும். அவள் ஒரு வார்த்தையில் திக்கி நின்றால், மிச்சத்தை அவனே சொல்லி முடிப்பான், தப்பாக.

அவர்கள் வேலை செய்யும் முறையை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மென்பொருளின் முதன்மைப் பிரதி ஒன்று. ஆளுக்கொரு நகல் எடுத்து, தனித்தனியாக மாற்றுவார்கள். தன் மாற்றங்களை மறுபடி எடுத்து, அதற்குள் மற்றவர்கள் மாற்றிவிட்ட பிரதியின் மேல் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ரீபேஸ் என்பார்கள். ஒரே வரியில் இரண்டு பேர் கை வைத்திருந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். இவர் எழுதியது இது, அவர் எழுதியது அது, நீயே பார்த்துச் சொல் என்று இரண்டையும் காட்டும். அதைப் படித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அடுத்த மாற்றத்தை வைக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் நிற்கலாம். பொறுமை வேண்டும்.

சீப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. மற்றவர்களின் மாற்றங்களைச் சேர்ப்பது அவன் வேலை. எல்லாவற்றையும் நசுக்கி ஒரே உருண்டையாக்கி, மோதிய இடத்தில் தன் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, தன் பெயரிலேயே ஏற்றிவிடுவான். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று அந்தப் பிரதி காலத்துக்கும் சொல்லும். வரலாறு என்று அவர்கள் சொல்லும் அந்தப் பதிவில் என் தங்கை பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

"அஞ்சு மாசமா அங்க என்னம்மா பண்ணின? உன் பேரு எங்க?" என்று கேட்டேன்.

"எ... எங்கயும் இல்லண்ணா. வரலாறு சு... சுத்தமா இருக்கணுமாம்."

"சுத்தத்தப் பத்தி அவன் பேசறானா?"

சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதமே ஒரு ரத்த வங்கியிலிருந்து புகார் வந்தது. காலாவதியான பை பட்டியலில் முதலில் நின்றிருக்கிறது. நர்ஸ் தேதியைப் பார்த்து ஒதுக்கி வைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த அலுவலகத்து ஏ.சி.க்கு எங்கள் கடைதான் சர்வீஸ். மீட்டிங் அறை ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது என்று போனவன் ஏணி மேல் நின்றிருந்தேன். தங்கை என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும்தான். ஃபில்டரைக் கழற்றினால் முடியும் பிசுக்குமாக அட்டை போல வந்தது. யாருடைய முடி என்று கேட்க வேண்டியதே இல்லை.

கீழே அந்தப் புகாரைப் பற்றித்தான் மீட்டிங். சுவர்த் திரையில் ஒரு வரியைக் காட்டி மேனேஜர் அம்மா கேட்டார்: "இந்த வரி யாரோடது?"

"புதுப் பொண்ணோடது மேடம். அதான் நான் மொதல்லயே..." என்றான் சீப்பு.

"உங்க பேரு இருக்கே."

"சேர்த்தது நான். எழுதினது அவங்க."

"மேல இருக்கிற வரி? அதுக்கும் மேல?"

"அது... டீமா சேர்ந்து பண்ணினது மேடம்."

"மணத்தா உங்க பேரு, நாறினா அவங்க பேரா?"

சீப்பு பையிலிருந்து சீப்பை எடுத்தான். அந்த நேரத்திலும்.

மேனேஜர் அம்மா என் தங்கை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"கா... காலாவதியான பையெல்லாம் எ..."

"எடுக்கக் கூடாதுன்னு சொல்ல வராங்க" என்றான் சீப்பு.

"அவங்க சொல்லுவாங்க. இருங்க."

தங்கை அந்த வார்த்தையை மறுபடி பிடித்தாள். தண்ணீர் மட்டும் என் வாளியில் சொட்டியது. "எடுத்துடணும்னு எழுதினேன், லிஸ்ட்லேர்ந்தே. சார் அ... அதே வரியில, சீக்கிரம் காலாவதியாகப் போற பை முதல்ல வரணும்னு மாத்தினாரு. ரெண்டுமே வேணும். சார் தன்னோடத மட்டும் வச்சுக்கிட்டாரு. அதனால ஏ... ஏற்கனவே கெட்டது முதல்ல வந்துருச்சு."

அவள் எழுதிய மாற்றங்கள் நசுங்காமல் அவள் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் அப்படியே இருந்தன. சீப்பு ஏற்றிய உருண்டையை எடுத்துவிட்டு, அவன் முன்பே தனியாக மாற்றியிருந்த வரியின் மேல், அங்கேயே உட்கார்ந்து தன்னுடையதை மறுபடி அடுக்கினாள். முதல் மாற்றத்திலேயே நின்றது. இரண்டு வரியையும் படித்து, கெட்ட பைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரிசைப்படுத்தும்படி எழுதினாள். அடுத்ததில் அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"இதுக்குத்தான் மேடம் நான் ஒண்ணாக்கிடறது. ஒவ்வொண்ணுக்கும் நிக்கும்" என்றான் சீப்பு.

"நி... நிக்கட்டும் சார்" என்றாள் தங்கை, திரும்பாமல்.

முடித்தாள். பட்டியலை ஓட்டிக் காட்டினாள். கெட்ட பை ஒன்றுகூட வரவில்லை. "எல்லாம் உங்க பேர்லதானே போகுது?" என்று கேட்டார் மேனேஜர் அம்மா. "ஆறாவது மாசம் நான் இதத்தான் பார்ப்பேன்."

ஏணியிலிருந்து பார்த்தேன். மாற்றங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் முழுப்பெயர். என் தங்கை முதன்முதலில் தன் வேலையில் தன் பெயரைப் போட்டது 2024 மார்ச் 14, வியாழக்கிழமை.