வியாகுலம் அக்காவின் அவசரமில்லாத செபமாலை

வியாகுலம் அக்கா லொறியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்று பேக்கரி வாசலில் வைத்துச் சொன்னவன், அதே மூச்சில் டிரைவரைப் பிடித்துவிட்டார்கள், கொல்லப்போகிறார்கள் என்றும் சொன்னான். பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றிப்போன லொறி. பூசை முடிந்து வீதியைக் கடந்த அக்காவுக்கு ஒருநாளும் அவசரம் இருந்ததில்லை. அவசரமெல்லாம் லொறியிடம் இருந்தது. பாண் வாங்காமலே ஓடினேன். ஓடும்போது நினைவில் வந்தவற்றை, அக்காவை அறிந்த கொட்டாஞ்சேனைக்காரருக்காக எழுதுகிறேன்.

அவருடைய கருவாட்டுக்கடைக்கு முன்னால் ஒரு குடிகாரன் தன் மனைவியைத் தலைமுடியில் பிடித்து இழுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அக்கா கடையை விட்டு இறங்கவேயில்லை. முழுச் சுறாக் கருவாடு ஒன்றை எடுத்து அவன் வாயிலே அடித்தார். பல்லொன்று தெறித்து வாய்க்காலில் விழுந்தது. இனி உனக்குச் சொதிதான், கடிக்கிற வேலை மிச்சம் என்று நான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அவர் உள்ளே போய்ச் சாக்கின்மேல் முழந்தாளிட்டு, அழுதபடி செபமாலை உருட்டினார். வாங்க வந்தவர்கள் காத்துக் காத்துக் களைத்துவிட்டார்கள். அடித்ததும் நீங்கள், அழுவதும் நீங்களா என்று கேட்டேன்.

"என்ர கை சும்மா இராது தம்பி. அதுதான் அதிட்ட மாலையைக் குடுத்து வைச்சிருக்கிறன்" என்றார்.

வீடுகளுக்கிடையே ஓடும் எங்கள் ஒழுங்கை முடிவிலே சிலுவையடியில் பின்னேரம் செபமாலை சொல்லும் வழக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை. தொடங்கினால் முடியுமட்டும் எவரும் சிலுவையைத் தாண்டி நடப்பதில்லை. தூஷணம் பேசிக்கொண்டு வருகிறவனும் மடித்த சாரத்தை இறக்கிவிட்டு முழந்தாளிடவேண்டும். நான் சொன்னால் அது மெயில் ரயில். 'பிரியதத்தத்தினாலே' என்று புறப்பட்டால் அடுத்த ஸ்டேசன் 'ஆமென்'. அக்கா சொன்னால் கூட்ஸ் வண்டி. பெயர்தான் அவருக்கு வியாகுலம், வியாகுலப்படுவது எங்கள் முழங்கால் என்று பெடியள் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கட்டிவிட்டவன் யாரென்று கேட்காதீர்கள்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில், அதை மீறி வேலைக்குப் போன அந்தோனியை அடித்துத் துரத்திக்கொண்டு சூசை அண்ணனும் ஆட்களும் வந்தார்கள். அந்தோனியின் நெற்றி பிளந்திருந்தது. ஓடிவந்து, சிலுவையடியில் செபமாலையில் இருந்த பெண்களுக்கு நடுவில் முழந்தாளிட்டான். சூசை அண்ணன் கையில் மூட்டை தூக்கும் கொக்கி. ஆனால் முன்வரிசையில் அவருடைய தாய் இருந்தார். வேறு வழியில்லாமல் அவரும் முழந்தாளிட்டு, "முடியட்டும். பிறகு கிழிக்கிறன்" என்றார்.

அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நான். மாலையின் கடைசிப் பத்து மணிகள். பயத்தில் மெயில் ரயில் இன்னும் வேகமெடுத்தது. அக்கா என் கையிலிருந்த மாலையைப் பறித்தார்.

"பராக்கில சொல்லிப்போட்டாய். முதலில இருந்து."

முதலிலிருந்தே தொடங்கினார். ஐந்து பத்தும் முடிந்தது. பிறகு மாதா பிரார்த்தனை. பிறகு மரித்தவர்களுக்காக, பெயர் பெயராக. துறைமுகத்தில் பளு விழுந்து நசுங்கிச் செத்த சூசை அண்ணனின் தகப்பனுக்காக ஒன்று. அந்த உடலை இழுத்தெடுத்த அந்தோனியின் தகப்பனுக்காக இன்னொன்று. அங்கேதான் சூசை அண்ணனின் குரல் உடைந்தது. எழும்பும்போது கொக்கி நிலத்திலேயே கிடந்தது. ஆனாலும் அந்தோனியின் வாயில் ஒரு குத்து விட்டார். அக்கா சூசை அண்ணனின் கன்னத்தில் ஒன்று போட்டார்.

"கணக்குச் சரி. வீட்ட போ."

மெல்லச் சொன்னால்தான் மாதாவுக்குக் கேட்குமோ என்று பிறகு நக்கலடித்தேன். "அவவுக்கு எப்பிடிச் சொன்னாலும் கேக்கும். எங்களுக்குக் கேக்கத்தான் நேரம் வேணும்" என்றார்.

வீதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைச் சாக்கால் மூடியிருந்தார்கள். டிரைவர் இரத்மலானைப் பக்கத்துச் சிங்களப் பெடியன். காது கிழிந்து தொங்க, "அனே, மட்ட பெனுனே நே" என்று, கண்ணில் படவில்லை, கண்ணில் படவில்லை என்று அலறிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சூசை அண்ணனின் இரும்புக்கம்பி. எனக்கு எந்தப் பகிடியும் வரவில்லை. அக்காவின் காலடியில் முழந்தாளிட்டேன். முதலிலிருந்து தொடங்கினேன்.

"எழும்படா" என்று கத்தினார் சூசை அண்ணன். நான் நிறுத்தவில்லை. பின்னால் பெண்களின் குரல் சேர்ந்தது. கம்பி தார்வீதியில் விழுந்த சத்தம் முதல் பத்துக்குள்ளேயே கேட்டது. அவர் முழந்தாளிட்ட சத்தம் கேட்க இரண்டாம் பத்தாயிற்று. பொலிஸ் வந்து பெடியனை ஏற்றிப்போகும்வரை நான் முடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த மரித்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். கடைசியாக, முதல்முறையாக, அக்காவின் பெயரையும்.

இப்போது பின்னேரங்களில் நான்தான் சொல்கிறேன். பெடியள் முழங்காலைத் தடவிக்கொண்டு முறைக்கிறார்கள். முறைக்கட்டும். மெயில் ரயில் இப்போது எல்லா ஸ்டேசனிலும் நிற்கிறது.