அக்காவின் கரும்பலகையும் அத்தானின் இரண்டேகாலும்

எங்கள் அக்கா ராமநாதபுரம் பக்கம் பிறந்து, அப்பாவின் அரசாங்க வேலையோடு இந்தத் தீவுக்குக் கப்பலேறி, மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இங்கேயே ஆசிரியை ஆனவர். குழாயில் வராத தண்ணீரைச் சுமந்தார். அப்பா போனபின் குடும்பத்தைச் சுமந்தார். கணக்கில் ஓயாமல் தோற்ற தம்பியாகிய என்னையும் சுமந்தார். கடைசிச் சுமைதான் கனம்.

இந்த நினைவஞ்சலிக்கு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளுக்கே ஓடுகிறது.

அத்தானுக்குத் துறைமுக ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்திருந்த அவர் தாயார் மாலைக் கப்பலில் மெயின்லேண்டு திரும்ப வேண்டும். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால், அடுத்த கப்பல் எப்போது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அம்மாவுக்கு அந்தப் பதற்றம்.

கூடத்தில் அக்கா டியூஷன் எடுக்கும் கரும்பலகை. அதில் காலையில் போட்ட கணக்கு: ¾ ÷ ½ × ⅔ = 1.

அத்தான் காபியைக் கீழே வைத்தார். "விடை தப்பா இருக்கே. இரண்டேகால் இல்ல வரணும்?"

தட்டோடு நின்ற அக்கா நிமிர்ந்தார். "பெருக்கலை முதல்ல போட்டுட்டீங்க. இடப்பக்கம் இருந்து வரணுங்க. வகுத்தல்தானே முன்னால நிக்குது?"

அம்மா அக்காவின் இடுப்பில் கிள்ளினார். "ஏண்டி, அவங்க சொன்னா இரண்டேகால்னே இருந்துட்டுப் போகட்டுமே!"

நான் உடனே மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துகொண்டேன். கணக்கில் நான் சேர்ந்த பக்கம் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. நாற்காலி இரவல் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன், அவர்கள் மொழியில் தாதா, தமிழ் தெரியாதவர், பலகையைப் பார்த்து, "ஏக்! பில்குல் ஏக்!" ஒன்றேதான் என்று இந்தியில் கத்தினார்.

"பொண்ணுக்கு வாய் நீளம்" என்று அத்தானின் தாயார் எழுந்தேவிட்டார்.

அத்தான் சாக்பீஸை எடுத்தார். அரையைத் தலைகீழாக்கி முக்காலோடு பெருக்கினார், ஒன்றரை. அதை மூன்றில் இரண்டால் பெருக்கினார். மேலும் கீழும் அடிபட்டு, மிஞ்சியது ஒன்று. சட்டையெல்லாம் தூள்.

"தப்பு என்னோடதும்மா. உட்காருங்க, தட்டை மாத்திக்கலாம்."

தாதா கைதட்டினார், அம்மா அழுதார், நான் கட்சி மாறினேன்.

அக்காவைக் கண்போல் பார்த்த செவிலியர்க்கும், மின்னி பே, புரோத்ராபூர் உறவுகளுக்கும், இம்முறை அக்காவின் காரியத்துக்கும் நாற்காலி தந்த தாதா குடும்பத்துக்கும் எங்கள் வணக்கம். அத்தானுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடைசி நாட்களில் அக்கா யாரோடும் பேசவில்லை. ஒரு பிற்பகல் அத்தான் கட்டிலருகே குனிந்து, அதே கணக்கைச் சொல்லி, "இரண்டேகால்தானே?" என்று கேட்டார்.

அக்கா கண் திறந்தார்.

"இன்னுமா?" என்றார்.