ஆவுடையப்பன் அண்ணாச்சி தூங்கவில்லை

செய்தி எங்கள் திரைப்பட விழாக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. ‘நம் தூங்கும் சாமுராய் நிரந்தரமாகத் தூங்கிவிட்டார்’ என்று ஒருவர் இந்தியில் எழுதி, கும்பிடும் கைகளும் பக்கத்தில் ஒரு வாளுமாகப் படம் போட்டிருந்தார். வந்த ஆத்திரத்தில் போனைச் சோபாவில் எறிந்தேன். எழுபத்தாறு வயது மனிதர் காலை நடை முடித்து வந்து, ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவர் அப்படியே போயிருக்கிறார். அதைச் சொல்ல இவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர்தானா கிடைத்தது? அண்ணாச்சி எந்தப் படத்திலும் தூங்கியவர் இல்லை. அவர்மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பெயரை எடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர். புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வுபெற்று, நிக்டியில் எங்கள் அடுத்த கட்டடத்தில் குடியிருந்தார். நான் வங்கியில் இருந்தவன், ஆகவே கடைசிவரை அவருக்கு நான் பேங்க்காரர்தான். புனே விழாவுக்குப் பதினான்கு வருஷம் சேர்ந்தே போனோம். நல்ல துணை என்று மட்டும் சொல்ல மாட்டேன். பிராணனை வாங்குவார். நிகழ்ச்சி அட்டவணை வந்ததும் ஜப்பான் வாள் படங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வருவார். எனக்கு ஒரு ஈரான் படம் பார்க்க வேண்டும் என்றால், அதில் அழுதுகொண்டிருப்பார்கள், அதைத்தான் வீட்டு டிவியில் தினமும் போடுகிறானே என்பார். அவர் வட்டம் போட்டதுதான் என் விழா.

வாள் படத்துக்கு விழாவில் என்றைக்குமே கூட்டம்தான். மற்ற படங்களுக்கு நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகிறவர்கள்கூட இதற்குப் படிக்கட்டில் இடம் பிடித்து உட்காருவார்கள். துணிப்பை மாட்டிய சினிமா மாணவர்கள், ஐடி பிள்ளைகள், எங்களைப் போன்ற பென்ஷன்காரர்கள் என்று எல்லோரும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நிற்போம். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒருமுறை வெயிலில் நின்று நின்று கால் கடுத்துப்போய்க் கேட்டேன். “நம்ம படத்துல அடிக்கதுக்கு முன்னாடி பேசிப் பேசியே கொல்லுவான். இவன் நிக்கான் பாரும். காத்து அடிக்கு, ரெண்டு பேரும் அசையல. அந்த நிப்பைப் பாக்கத்தான்வே அம்புட்டு பேரும் வாரான்” என்றார். விழா மலர்களில் நீள நீளமாகக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

சொன்னவர் செய்ததைக் கேளுங்கள். வாள் உறையை விட்டு வெளியே வந்த நொடியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ரத்தம் ஆகாது. ஊசி போட்டுக்கொள்ளும்போதே சுவரைப் பார்க்கிற ஆள். கண்ணை மூடிக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. விழுந்தது யார், கை போயிற்றா, அந்த ஒற்றைக்கண்ணன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று என் காதைத் தின்பார். நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பின்வரிசை அம்மாள் மராத்தியில், பெரியவரே, கொஞ்சம் பேசாமல் உட்காருங்களேன் என்று என்னைத்தான் அதட்டுவாள். பதினான்கு வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை.

போன வருஷ விழாவில் ஒரு உப்பளத்துக் கதை. வாளைத் துறந்துவிட்டு உப்பளத்தில் காவல் இருக்கும் ஒரு கிழவன். அவனைத் தேடிக்கொண்டு பழைய எதிரி வருகிறான். தூத்துக்குடி மாதிரியே இருக்கிறது என்று அண்ணாச்சிக்கு முதல் காட்சியிலிருந்தே பூரிப்பு. கடைசியில் இருவரும் ஓலைத்தொப்பி போட்டுக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். வாள் உருவப்பட்டது, இவர் கண்ணை மூடினார், கேள்விகள் ஆரம்பித்தன. பின்னாலிருந்து அதட்டலும் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கிழவன் பிழைத்துவிட்டான், மற்றவன் காலி, இனி வாயைத் திறக்காதீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உண்மையில் செத்தது கிழவன். அண்ணாச்சி கண்ணைத் திறந்தபோது தூரத்தில் ஒரு தொப்பி மட்டும் நடந்து போய்க்கொண்டிருந்தது. அதோடு படம் முடிந்தது.

வெளியே வந்து சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மேடையில் கலந்துரையாடல் ஆரம்பித்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் எழுந்து பேசாத அண்ணாச்சி அன்றைக்குப் பார்த்து முன்னால் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். ஒரு கிழவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய டைரக்டருக்கு நன்றி என்று தன் ஆங்கிலத்தில், கண் கலங்கச் சொன்னார். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு. அங்கிள் தூங்கிவிட்டீர்களா என்று கலந்துரையாடலை நடத்தியவர் இந்தியில் கேட்டார். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “ஆமாம், கொஞ்சம் கண் அசந்துவிட்டது” என்று அவர் மைக்கில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மெட்ரோவில் பிம்ப்ரி வந்தோம். இறங்கும்போது, கிழவன் செத்துட்டானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நின்று, “பாக்கத்தான்வே எனக்குப் பயம். கேக்கதுக்குப் பயமில்ல” என்றார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கண்ணைத் திறந்து பார்த்தால் இந்த வம்பே இல்லையே என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன். சரிதான் என்று தலையாட்டிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். ஒரு தடவை திட்டித் தொலைத்திருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை அந்த மனிதர். இந்த வருஷ விழாவுக்கும் வந்தார். தூங்கும் சாமுராய், தலையணை கொண்டுவந்தீர்களா என்று வரிசையில் நின்றவர்கள் கேட்டபோது அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான்தான் காரணம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பதினாறாம் நாள் அவர் வீட்டுக்கு விழாக் கூட்டத்தில் பத்துப் பேர் போயிருந்தோம். அங்கேயும் ஒருவர் அந்தத் தூக்கக் கதையை எடுத்தார். அண்ணாச்சியின் மனைவி செல்லம்மாள் மதினியும் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போன பிறகு என்னை நிறுத்தினார். “வீட்ல ஒருநாளும் டிவி முன்னால தூங்காத மனுசன், தியேட்டர்ல எப்பிடித் தூங்கினாவன்னு கேட்டேன். பேங்க்காரர்ட்ட கேளு, அவருக்குத் தெரியும்னாவ. நெசமாத் தூங்கினாவளா?” என்றார். ஏசிக் குளிரில் லேசாகக் கண் அசந்துவிட்டார் மதினி என்று சொல்லிவிட்டு வந்தேன். இது என் இரண்டாவது பொய்.

மதினி, அண்ணாச்சி அன்றைக்குத் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் பொய் சொன்னவன் நான், அந்தச் சிரிப்பு என்மேல் விழுந்திருக்க வேண்டியது. நண்பர்களே, அந்தப் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர் பேச எழுந்தபோது பாதிக் கூட்டம் கலைந்து வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மைக்கைக் கொடுத்துவிட்டு அவர் எங்கு வேண்டுமானாலும் போய் உட்கார்ந்திருக்கலாம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான்.