இடது கால் சப்பாத்து

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நானும் என் கணவரும் அவருடைய அக்காவும் அந்த அறையில் இருந்தோம். மூவரும் பார்த்தோம்.

அது ஒரு பப், மதுச்சாலை; பெயரைச் சொல்லமாட்டேன். இன்றும் அதை நாங்கள்தான் நடத்துகிறோம். ஏன் இன்னும் விட்டுப் போகவில்லை என்று உறவுக்காரர் கேட்கிறார்கள். வியாபாரம் பரவாயில்லை என்று சொல்கிறேன். வியாபாரம் சரியில்லை.

லண்டனின் வடக்கு விளிம்பில், பார்னெட்டில் இருக்கிறது. லண்டன் வளர்ந்து வந்து தொடுவதற்கு முன்னால் அது தனியான சந்தை நகரம். மாடு விற்க வந்தவர்களும் குதிரை வண்டிக்காரர்களும் தங்கிப் போன சத்திரங்கள் வீதி முழுக்க இருந்தனவாம். மிஞ்சியவற்றில் ஒன்று எங்களுடையது. கீழே மது பரிமாறும் பார். மேலே வீடு. வளைந்து தொங்கும் உத்தரங்கள். பாரின் நடுச்சுவரில், ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய கணப்படுப்பு.

செவன் கிங்ஸில் வைத்திருந்த, போத்தலில் மது விற்கும் ஓஃப் லைசென்ஸ் கடையை விற்றுவிட்டு என் கணவர் சஞ்சயன் இதைக் குத்தகைக்கு எடுத்தார். எங்களுக்கு ஒரே மகள், துஷ்யா. அப்போது ஆறு வயது.

குடிபுகுந்தது டிசம்பர் தொடக்கத்தில், மார்கழி பிறக்க முன்னால், ஒரு சனிக்கிழமை. பால் காய்ச்ச நல்ல நேரம் பின்னேரம் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் வரை. சஞ்சயனின் அக்கா சுவர்ணா மச்சாள் நோர்பரியிலிருந்து புதுப் பானையோடு வந்திருந்தார். மேல் வீட்டில் காஸ் இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை. கணப்படுப்பைப் பார்த்துவிட்டு இது போதும் என்றார்.

"சாராயக் கடைக்குப் பால் காய்ச்சிற முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்."

எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். நான்கு சோடி, வரிசையாக. கடைசியில் துஷ்யாவுடைய புதுப் பள்ளிக்கூடச் சப்பாத்து. கறுப்பு. வெல்க்ரோ வைத்தது.

புகை போக வழி இருக்கிறதா என்று பார்க்க, சஞ்சயன் புகைக்கூட்டுக்குள் கையை விட்டார். தோள்வரை போனது. பிறகு நின்றது.

"இஞ்ச தட்டு மாதிரி ஒண்டு இருக்கு. அதில ஏதோ..."

கை கறுப்பாக வெளியே வந்தது. கையில் ஒரு சப்பாத்து. சின்னப் பிள்ளையுடையது. கரி படிந்து மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. ஒன்றுதான். இடது கால்.

நூறு வருடப் பழசாக இருக்கும், கண்ணாடிப் பெட்டியில் போட்டு பாரில் வைக்கலாம் என்றார். மச்சாளின் முகம் மாறிவிட்டது.

"பால் பொங்கிற அடுப்புக்குள்ள சப்பாத்தோ? விசரோடா உனக்கு? கொண்டுபோய் எறி."

நானும் மச்சாள் பக்கம்தான். வாசலுக்கு வெளியே கிடக்க வேண்டியது அடுப்பில் இருக்கக் கூடாது. முற்றத்தில் பழைய கம்பளங்கள் நிரம்பிய ஸ்கிப், குப்பை ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி, நின்றது. சஞ்சயன் அதற்குள் எறிந்துவிட்டு வந்து கை கழுவினார்.

மூன்று செங்கல். மேலே பானை. மூன்று பத்துக்கு நெருப்பு மூட்டினோம். விறகு நன்றாக எரிந்தது. புகையும் நேராக மேலே போனது.

பால் கொதிக்கவில்லை.

மூன்று இருபதுக்கும் ஆவிகூட வரவில்லை. மச்சாள் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வைத்தேன். பால் குளிர்ந்து கிடந்தது. அடியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது முற்றத்தில் லொறி வந்தது. ஸ்கிப்பை எடுக்க. சங்கிலி உரசும் சத்தம். தூக்கி வைக்கும் சத்தம். பிறகு லொறி கேற்றைத் தாண்டிப் போனது.

பால் பொங்கியது. ஒரே தரம். நெருப்பு முழுவதையும் அணைத்துவிட்டது.

எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பின்பக்கம் பொங்கியிருந்தது. எங்களை நோக்கி ஒரு துளிகூட வரவில்லை.

அது நல்லதா என்று மச்சாளைக் கேட்டேன். பொங்கினால் சரி என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்று முப்பத்தைந்து. மேலே யாரோ நடந்தார்கள்.

டக்...

டக்...

ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்ட நடை. இடையில் வெறும் கால் படும் மெல்லிய சத்தம். துஷ்யாதான் வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிகிறாள் என்று நினைத்தேன். அவளை அதட்ட வாயைத் திறந்தேன்.

துஷ்யா ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்தாள். வெள்ளைக் காலுறை. காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலைப் பார்த்தேன். சப்பாத்து வரிசையில் ஏழுதான் இருந்தன. துஷ்யாவுடைய இடது கால் இல்லை.

திரும்பினேன். ஸ்டூலில் அவளும் இல்லை.

கூப்பிட்டேன். மூன்று பேரும் கூப்பிட்டோம். பாருக்குப் பின்னால் பார்த்தோம். மேசைகளுக்குக் கீழே பார்த்தோம். பிறகு மச்சாள் என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

துஷ்யா கணப்படுப்புக்குள் நின்றாள். ஈரச் சாம்பலில். சுவரைப் பார்த்தபடி.

இடது காலைச் சற்றுத் தூக்கி வைத்திருந்தாள்.

நாம் முன்னால் முழந்தாளிட்டுச் சப்பாத்துப் போட்டுவிடும்போது பிள்ளைகள் காலைத் தூக்கித் தருவார்கள். அப்படி. விழாமல் இருக்க நம் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய வலது கை அப்படித்தான் நீண்டிருந்தது.

கைக்குக் கீழே எதுவும் இல்லை.

கை ஆடவில்லை.

பாய்ந்து தூக்கினேன். உடம்பு வந்தது.

கால் வரவில்லை...

இழுத்தேன்.

வந்தது.

காலுறையில், கணுக்காலைச் சுற்றிக் கரி. ஒரு பக்கம் நான்கு கோடு. மறுபக்கம் ஒன்று.

"ஆரம்மா அது?" என்று அவளைக் கேட்டேன்.

"தெரியாது. வருவியோ எண்டு நேற்றும் கேட்டவ."

அன்றுதான் நாங்கள் அந்த வீட்டுக்கு முதல் தடவை அவளைக் கூட்டி வந்திருந்தோம்.

சஞ்சயன் புகைக்கூட்டுக்குள் கையை விட்டார். அதே தட்டு. வெளியே எடுத்தார். கறுப்புச் சப்பாத்து. வெல்க்ரோ. எங்களில் யாரும் அந்த உயரத்துக்கு அவளைத் தூக்கவில்லை.

டக்.

மாடிப்படியின் மேல் படியில்.

சஞ்சயன் சப்பாத்தைப் பிடித்தபடி நின்றார்.

டக்... அடுத்த படி.

"இஞ்சேருங்கோ. வையுங்கோ," என்றேன்.

டக்.

"இருந்த இடத்தில வையுங்கோ."

வைத்தார்.

நின்றது.

பழைய சப்பாத்தைத் தேடிச் சஞ்சயன் முற்றத்துக்கு ஓடினார். ஸ்கிப் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. ஸ்கிப் கம்பனிக்குப் போன் செய்தார். எல்லாம் அரைக்கப் போய்விட்டது என்றார்கள். பாலை யாரும் குடிக்கவில்லை. போகும்போது மச்சாள் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டபடியே சொன்னார்.

"தட்டில இருக்கிறதைத் தொடாதேங்கோ. ஆரையும் தொடவும் விடாதேங்கோ."

எங்களுக்கு முன்னால் அந்த பப்பை முப்பத்தெட்டு வருடம் நடத்தியவர் ரே என்ற வெள்ளைக்காரர். திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்தேன். புகைக்கூடு என்ற சொல்லைச் சொன்னதுமே அவர் இடைமறித்தார். சிவப்புச் சப்பாத்துத்தானே, இடது கால்தானே என்று கேட்டார். கரி படிந்திருந்ததால் எங்களுக்கு நிறம் தெரியவில்லை. அது தன்னுடைய மகள் கேரனுடையது என்றார். ஐந்து வயதில் அவள் போட்டது. தான் அதை அங்கே வைக்கவில்லை என்றார். வந்த புதிதில் அங்கே கிடந்த ஒன்றைத் தான் எறிந்ததாகவும், மறுநாள் கேரனுடையது அங்கே இருந்ததாகவும் சொன்னார். அதன் பிறகு தொடவில்லையாம்.

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் பப்பைக் குத்தகைக்கு எடுத்திருப்பீர்களா என்றார்.

பிறகு, கேரனுடைய சப்பாத்து இப்போது எங்கே என்று கேட்டார்.

சொன்னேன். லொறி எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டார். மூன்று இருபத்தைந்து இருக்கும் என்றேன். போனை வைத்துவிட்டார்.

தை மாதம் அவர் நேரில் வந்தார். எதுவும் குடிக்கவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. கணப்படுப்புக்கு எதிரே இருந்தார். துஷ்யா மேலே பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கேரன் வடக்கே லீட்ஸ் நகரில், தன் வீட்டில் இறந்து கிடந்தாளாம். நாற்பத்து மூன்று வயது. மூன்று இருபதுக்குத் தோழி ஒருத்தியோடு போனில் பேசியிருக்கிறாள். பேச்சின் நடுவில் யாரோ கதவடியில் நிற்பதாகச் சொல்லிப் போனை வைத்திருக்கிறாள். இதயம் என்றார்கள் டொக்டர்மார். வலது காலில் சப்பாத்து இருந்தது. இடது கால் வெறுங்கால். கணுக்காலைச் சுற்றிக் கரி.

அவள் இருந்தது ஒன்பதாம் மாடி ஃப்ளாட். அங்கே அடுப்புக் கரி இல்லை. புகைக்கூடும் இல்லை.

இப்போது துஷ்யாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய அந்தச் சப்பாத்து இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது. எங்கள் குத்தகை பங்குனியோடு முடிகிறது. புதுப்பிக்கமாட்டோம் என்று கட்டடத்துக்குச் சொந்தமான கம்பனி எழுதியிருக்கிறது. புதிதாக வருபவர்களுக்காகப் புகைக்கூட்டைத் துப்புரவாக்கித் தரப் போகிறார்களாம்.